இதுல கணக்கு எங்க இருக்கு தம்பி?

தலைப்புல இருக்கறது டிசி மீட்டிங்ல, அதாவது பிஎச்டி எப்படி போகுதுன்னு பாக்கற டாக்டோரல் கமிட்டில, ஒரு சார் என்னைப் பாத்து கேட்ட கேள்வி. கேட்டு வருஷமாச்சு, இன்னும் உள்ள குடைஞ்சிட்டே தான் இருக்கு. அவர் மேல கோவம்லாம் இல்ல, நல்ல மனுஷன், டோபாலஜி ஆளு, என் ஸ்லைடு மொத்தத்தையும் பொறுமையா பாத்தார், கடைசில வந்த டேபிளையும் பாத்தார், அப்பறம் சமோசாவைப் பிச்சிக்கிட்டே ரொம்ப சாந்தமா சொன்னார். "புரோகிராம் எழுதிருக்க, ஓடுது, ரிசல்ட் வருது, எல்லாம் சரி. தியரம் எங்கப்பா? இத சிஎஸ் டிபார்ட்மெண்ட்ல குடுத்துருக்கலாமே. இதுல கணக்கு எங்க இருக்கு தம்பி?" பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க, என் கைடும் லேசா சிரிச்சார், நானும் சிரிச்சு வச்சேன், வேற என்ன பண்றது. வெளிய வந்து பஸ் புடிச்சு தண்டையார்பேட்டை வர்ற வரைக்கும் மனசுக்குள்ள அவருக்கு பதில் சொல்லிக்கிட்டே வந்தேன், ஒவ்வொண்ணும் பிரமாதமான பதில், அங்க உக்காந்துருந்தப்ப ஒண்ணு கூட வாயில வரல.

நான் பண்றது நியூமெரிக்கல் ஆப்டிமைசேஷன். ஒரு ஃபங்ஷன் இருக்கும், அதோட மதிப்பு எந்த இடத்துல ரொம்ப கம்மின்னு கண்டுபிடிக்கணும், பேப்பர்ல ஃபார்முலா போட்டு விடை வராது, கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு படியா நகந்து தான் புடிக்கணும். பகல்ல ஒரு பிரைவேட் காலேஜ்ல செமஸ்டர் பசங்களுக்கு லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் நடத்துறது, ராத்திரி இது. பார்ட் டைம் பிஎச்டிக்காரன் பொழப்பு தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

வடசென்னைல மேத்ஸ் எடுத்துப் படிக்கிற எவனும் ராமானுஜன் கிட்டருந்து தப்பிக்க முடியாது. எங்க நைனா ஹார்பர்ல வின்ச் ஓட்டினவர், பிளஸ் டூ முடிச்சுட்டு பிஎஸ்சி மேத்ஸ்னு நான் சொன்ன அன்னிலருந்து ரிட்டையர் ஆகற வரைக்கும் "உங்காளு எங்க ஆபீஸ்ல தாண்டா கிளார்க்கா இருந்தாரு, 1912ல, மாசம் 30 ரூபா சம்பளம்"னு வீட்டுக்கு வர்றவங்க முன்னாடில்லாம் சொல்லுவார். பெருமை தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல ஒரு சங்கடமும் இருக்கு. கணக்கு மேதைன்னாலே நம்ம ஜனங்க மனசுல வர்றது ஒரே ஒரு உருவம், ராத்திரி கனவுல நாமகிரித் தாயார் வந்து ஃபார்முலாவை காட்டிட்டுப் போவா, காலைல எழுந்து எழுதி வச்சுக்கலாம். அந்த உருவத்துக்கு பக்கத்துல பைத்தான் எர்ரர் மெசேஜ் பாத்துட்டு உக்காந்துருக்கற என்னை வச்சா எனக்கே நம்பிக்கை வராது, அந்த சாருக்கு எப்படி வரும். இந்த யோசனை விடாம துரத்துனதுல தான் மைக்கேல் பவல்ங்கற மனுஷனோட வாழ்க்கைக்குள்ள போய் விழுந்தேன்.

ஹார்வெல்ல ஒரு சம்பளக்காரர்

இந்த ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு பவல் பேரை சொல்லவே வேணாம். சைபைல (கணக்கு போட பைத்தான்ல இருக்கற லைப்ரரி) மினிமைஸ்னு அடிச்சா வர்ற லிஸ்ட்ல 'பவல்'னே ஒரு மெத்தட் இருக்கு, அது 1964ல அவர் எழுதுன பேப்பர். நான் சொல்ல வந்தது அவரோட கேரியர். 1936ல லண்டன்ல பொறந்தார், கேம்பிரிட்ஜ்ல மேத்ஸ் படிச்சார், அதுக்கு மேல ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா. பிஎச்டி பண்ணல. 1959ல இங்கிலாந்துல ஹார்வெல்ல இருந்த அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துல வேலைக்கு சேந்துட்டார். அங்க இருந்த பிசிக்ஸ்காரங்க, கெமிஸ்ட்ரிக்காரங்க ஆளுக்கு ஒரு கணக்கோட வருவாங்க, இவர் அதை மெஷின்ல போட்டுக் குடுக்கணும். நம்ம பாஷைல சொன்னா சப்போர்ட் ஸ்டாஃப். அப்படி 17 வருஷம். அந்த சப்போர்ட் வேலைல இருந்துக்கிட்டே தான் அவரை உலகத்துக்கே தெரிய வச்ச பேப்பர் பலதையும் எழுதிருக்கார், அங்க 1963ல ஆரம்பிச்ச சப்ரொட்டீன் லைப்ரரில (எடுத்து அப்படியே ஓட்டிக்கற ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு) அவரோட கோட் நிறைய, அந்த லைப்ரரி இன்னைக்கும் உயிரோட இருக்கு. அதுக்கப்பறம் 1976ல கேம்பிரிட்ஜ்ல இருந்து கூப்புட்டு நேரா புரொபசர் போஸ்ட் குடுத்தாங்க. பிஎச்டி இல்லாமலே. டிஎஸ்சி, அதாவது டாக்டர் ஆஃப் சயின்ஸ் பட்டமே 1979ல தான் வாங்குறார், புரொபசர் ஆகி மூணு வருஷம் கழிச்சு.

இங்க நிறுத்தி ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நம்ம யுஜிசி ரூல்ல புரொபசர் போஸ்டுக்கு பிஎச்டி கட்டாயம். பவல் இங்க அப்ளிகேஷன் போட்டுருந்தா ஸ்க்ரூட்டினில ஒரு கிளார்க் முதல் பக்கத்துலயே கட்டம் போட்டு தள்ளி வச்சுருப்பார், அந்த கிளார்க்கையும் குத்தம் சொல்ல முடியாது. பேப்பர் எண்ணிக்கைல அவருக்கு பிரச்சனையே வராது, அது வேற. ஆனா நான் அடிக்கடி நெனைக்கறது அந்த ஸ்கோர் ஷீட்டைப் பத்தி. பேப்பருக்கு மார்க் உண்டு, புக்குக்கு உண்டு, கான்ஃபரன்ஸ்ல போய் வாசிச்சா உண்டு, பேட்டன்ட்டுக்கு கூட உண்டு. உலகம் பூரா ஆளுங்க தினம் ஓட்டுற ஒரு ஆயிரம் வரி ஃபோர்ட்ரான் கோட் எழுதி சும்மா குடுத்தா அதை எந்த கட்டத்துல போடுறதுன்னு எனக்கு யாராச்சும் காட்டுங்க.

மெஷின் படுத்துக்கிட்டதால வந்த மெத்தட்

பவல் கதைக்கு முன்னாடி இன்னொருத்தர் இருக்கார். வில்லியம் டேவிடன், பிசிக்ஸ்காரர், சிகாகோ பக்கத்துல ஆர்கான் லேப்ல 1950கள்ல வேலை பாத்தவர். பெரிய கணக்கு ஒண்ணை ஒவ்வொரு வேரியபிளா மாத்தி மாத்தி மினிமைஸ் பண்ற பழைய மெத்தட்ல ஓட்டிட்டு இருந்துருக்கார். அந்த காலத்து கம்ப்யூட்டர், கணக்கு முடியறதுக்குள்ள மெஷின் படுத்துக்கும். திருப்பி ஓட்டுவார், திருப்பி படுத்துக்கும். மெஷினைத் திட்டி புண்ணியமில்ல, மெஷின் சாகறதுக்குள்ள முடியற மாதிரி மெத்தடை மாத்துவோம்னு உக்காந்தவர் தான், இன்னைக்கு குவாசி நியூட்டன்னு நாங்க சொல்ற குடும்பத்துக்கே மூலம். நியூட்டன் மெத்தட்ல ஒவ்வொரு படிலயும் வளைவைச் சொல்ற செகண்ட் டெரிவேடிவ் மேட்ரிக்ஸ் முழுசா வேணும், 100 வேரியபிள்னா 100க்கு 100 கட்டம். டேவிடன் என்ன பண்ணார்னா, அதை கணக்கு போடவே வேணாம், ஒரு படி நகந்தா கிரேடியன்ட், அதாவது சரிவு, எவ்ளோ மாறுச்சுன்னு தெரியுதுல்ல, அந்த திசைல வளைவு எவ்ளோன்னு அதுவே சொல்லிடுது, கைல இருக்கற மேட்ரிக்ஸை அதுக்கு ஏத்த மாதிரி மட்டும் கொஞ்சமா திருத்திக்கிட்டே போனா போதும்னார். 1959ல லேப் ரிப்போர்ட்டா வந்துச்சு. ஜர்னல்ல ஏத்துக்கல. அப்படியே ரிப்போர்ட்டாவே முப்பது வருஷத்துக்கு மேல கெடந்துட்டு 1991ல சியாம் ஆப்டிமைசேஷன் ஜர்னல் தொடங்குனப்ப அதோட முதல் இதழ்ல போட்டாங்க.

(இந்த டேவிடன் இன்னொரு வேலையும் பண்ணிருக்கார், கணக்குக்கு சம்பந்தமில்ல, ஆனா சொல்லாம தாண்ட முடியல. வியட்நாம் போரை எதிர்த்தவர். 1971 மார்ச் 8, அலி ஃப்ரேசியர் குத்துச்சண்டை நடந்த ராத்திரி, ஊரே அந்த சண்டைல மூழ்கியிருந்த நேரம், ஒரு குரூப்பை சேத்துக்கிட்டு பென்சில்வேனியால மீடியாங்கற ஊர்ல எஃப்பிஐ ஆபீஸ் பூட்டை உடைச்சு உள்ள போய் ஃபைலை எல்லாம் அள்ளிட்டு வந்து பத்திரிகைக்கு அனுப்பிட்டாங்க. சொந்த ஜனங்களையே எஃப்பிஐ வேவு பாத்த கதை அதுல தான் வெளிய வந்துச்சு. யாரையும் புடிக்க முடியல. 2013ல அவர் செத்துப்போய், அதுக்கு அடுத்த வருஷம் தான் இதுக்குப் பின்னாடி இருந்தது அவர்னு உலகத்துக்கு தெரியும்.)

ஜர்னல் வேணாம்னு சொன்ன அந்த ரிப்போர்ட் பவல் கைக்கும், லீட்ஸ்ல இருந்த ரோஜர் ஃபிளெட்சர் கைக்கும் போச்சு. ரெண்டு பேரும் அதை சுத்தம் பண்ணி 1963ல கம்ப்யூட்டர் ஜர்னல்ல போட்டாங்க. 100 நான்லீனியர் சமன்பாட்டை ஒரே நேரத்துல தீர்த்து காட்டிருந்தாங்க அதுல, அந்த காலத்து மெஷின்ல. அதுக்கப்பறம் 1970ல பிராய்டன், ஃபிளெட்சர், கோல்ட்ஃபார்ப், ஷானோன்னு நாலு பேர் தனித்தனியா ஒரே திருத்தத்துக்கு வந்து சேந்தாங்க, பிஎஃப்ஜிஎஸ். சைபைல நீங்க எந்த மெத்தடும் சொல்லாம, கட்டுப்பாடு எதுவும் குடுக்காம மினிமைஸ் அடிச்சா ஓடறது அதான்.

இப்ப நம்ம சார் கேள்விக்கு வருவோம், தியரம் எங்க? டேவிடன் மெத்தட் கிண்ணம் மாதிரி வளைஞ்ச கான்வெக்ஸ் ஃபங்ஷனுக்கு கண்டிப்பா போய் சேரும்னு, அதுவும் லைன் சர்ச்சை (அந்த திசைல எவ்ளோ தூரம் போறதுன்னு தேடறது) துல்லியமா பண்ணாங்கற நிபந்தனையோட, ப்ரூஃப் வந்தது 1971ல. குடுத்தவர் பவல். அதாவது பன்னெண்டு வருஷம் ஜனங்க ப்ரூஃப் இல்லாம ஓட்டிட்டு இருந்துருக்காங்க, அந்த பன்னெண்டு வருஷமும் அது கணக்கா இல்லையா? கான்வெக்ஸ் இல்லாத ஃபங்ஷன்ல பிஎஃப்ஜிஎஸ் சில சமயம் சேராமலே சுத்தும்னு 2002ல யூ ஹாங் டாய் உதாரணத்தோட காட்டிட்டார், அதுக்காக யாரும் அதை விட்டுடல, நாளைக்கும் ஓட்டுவாங்க. ஆனா இதை வச்சு தியரம் வேணாம்னு நான் சொல்ல வரல, சில பேர் அப்படி கெளம்பிடறாங்க, மெஷின் லேர்னிங் பசங்க கிட்ட அந்த வியாதி நிறைய. பவலே ரெண்டு பக்கமும் நின்னவர். ஒவ்வொரு வேரியபிளா மாத்துற அந்த பழைய மெத்தட், பாக்க எவ்ளோ நியாயமா இருக்கு, அது மூணே வேரியபிள்ல கூட ஒரு இடத்துல போய் சேராம வட்டம் அடிச்சுக்கிட்டே இருக்கும்னு 1973ல உதாரணம் கட்டி நிறுத்துனதும் அவர் தான். கோட் எழுதற கை தான் அந்த உதாரணத்தையும் கட்டுச்சு.

மணலில வந்த கணக்கு

இதெல்லாம் படிச்சு மனசு ஆறுச்சே தவிர, கேள்வி போகல. போக வச்சது என் கூட தியாகராயா காலேஜ்ல படிச்ச ஒருத்தன், இப்ப மணலில ஒரு பிளான்ட்ல புராசஸ் செக்ஷன்ல இருக்கான். ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான். கலவையை கொதிக்க வச்சு பிரிக்கற டிஸ்டிலேஷன் டவர் ஒண்ணு, அதுக்கு ஒரு சிமுலேஷன் மாடல், திருகி மாத்தற மாதிரி ஆறு நாப், ரிஃப்ளக்ஸ் (மேல வந்ததை குளுர வச்சு திருப்பி உள்ள விடறது) எவ்ளோ, ஃபீடு டெம்பரேச்சர் எவ்ளோ, இந்த மாதிரி. ஸ்டீம் செலவு கம்மியாகணும், ஆனா மேல வர்ற சரக்கோட சுத்தம் குறையக்கூடாது. ஒரு தடவ ஓட விட்டா முடியறதுக்குள்ள கீழ போய் டீ குடிச்சுட்டு வந்துடலாம். "மச்சான், நெட்ல பாத்து பிஎஃப்ஜிஎஸ் போட்டேன், மூணாவது படிலயே டெம்பரேச்சரை எங்கயோ கொண்டு போய் விடுது. உன் சப்ஜெக்ட் தானே இது, என்னடா இது?"

என்னன்னு பாக்க ரொம்ப நேரம் ஆகல. சிமுலேஷன் உள்ள ஏதோ சமன்பாட்டை சுத்தி சுத்தி தீக்குது, நாலாவது தசமத்துக்கு மேல அதோட விடை நம்ப முடியாது, 0.0001 அளவுக்கு ஆட்டம் இருக்கும். இவன் கிரேடியன்ட் குடுக்கல, அதனால பைத்தான் தானே நாபை கொஞ்சூண்டு, ஏறக்குறைய 0.000000015 அளவுக்கு, நகத்திப் பாத்து வித்தியாசத்தை அதால வகுத்து கிரேடியன்ட் எடுத்துக்குது. 0.0001 ஆட்டத்தை 0.000000015ஆல வகுத்தா என்ன வரும்? ஆயிரக்கணக்குல வரும், வர்றது எல்லாமே ஆட்டம், கிரேடியன்டே இல்ல. பிஎஃப்ஜிஎஸ் மேல தப்பில்ல, குடுத்த குப்பையை உண்மைன்னு நம்பி ஓடிருக்கு. காசிமேட்டுல பழைய ஆளுங்க கயித்துல ஈயக்குண்டு கட்டி எறக்கி ஆழம் பாப்பாங்களே, அலை அடிக்கும்போது அரை அடி தள்ளி இன்னொரு தடவ எறக்கிட்டு தரை எந்தப் பக்கம் சரியுதுன்னு சொல்ல முடியுமா? நல்லா தள்ளிப் போய் எறக்குனா தான் அலையை மீறி சரிவு தெரியும். எறக்குற ஒவ்வொரு தடவையும் நேரம் போகும், அதனால எறக்குன எதையும் மறக்கவும் கூடாது.

பவலோட கோபிலாங்கற கோட் அதுக்குன்னே செஞ்சது. ஒரு ஹெலிகாப்டர் கம்பெனி கொண்டு வந்த கணக்குக்காக எழுத ஆரம்பிச்சு 1994ல பேப்பரா வந்துச்சு. டெரிவேடிவே கேக்காது. ஆறு வேரியபிள்னா ஏழு புள்ளி வச்சுக்கும், அதுங்க மேல ஒரு தட்டையான மாடலைப் படிய வைக்கும், செலவுக்கு ஒண்ணு, கட்டுப்பாட்டுக்கு ஒண்ணு, அந்த மாடலை எவ்ளோ தூரம் வரைக்கும் நம்பலாம்னு ஒரு ஆரம் வச்சுக்கும், முன்னேற்றம் நின்னா தான் ஆரத்தை சுருக்கும். நம்ம கிட்ட அது கேக்கறது ரெண்டே நம்பர், வேரியபிள்ள முதல்ல எவ்ளோ மாத்திப் பாக்கலாம், கடைசில எவ்ளோ நுணுக்கம் போதும். இந்த ரெண்டுல தான் சூட்சுமம் மொத்தமும் இருக்கு, பசங்க இதை டீஃபால்ட்ல விட்டுடுவாங்க. டெம்பரேச்சர் நூத்துக்கணக்குல இருக்கு, ரிஃப்ளக்ஸ் ரெண்டு மூணுல இருக்கு, ரெண்டுக்கும் ஒரே அளவு மாத்தம்னா ஒண்ணு அசையவே அசையாது, இன்னொண்ணு எகிறிடும். அதனால ஆறு நாபையும் 0ல இருந்து 1க்குள்ள சுருக்கி, முதல் மாத்தம் பத்துல ஒரு பங்குன்னு வச்சு, கடைசி நுணுக்கத்தை ஆட்டத்துக்கு கீழ போகாம நிறுத்தி ஓட விட்டோம். நைட்டு பூரா ஓடுச்சு. காலைல அவன் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, பிளான்ட்ல ரொம்ப வருஷமா இருக்கற ஆபரேட்டர் ஒருத்தருக்கு போன் போட்டான். அண்ணே, ஃபீடு இந்த டெம்பரேச்சர்ல வச்சா எப்படின்னே இருக்கும்னு கேட்டான். அவர் "அதான் நான் நைட் ஷிஃப்ட்ல வைக்கறது"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார்.

அன்னிக்கு தோணுச்சு, சார் கேட்டது தப்பான கேள்வி இல்ல, தப்பான இடத்துல தேடிருக்கார். ஆட்டம் எவ்ளோ, படி எவ்ளோ, மாடலை எதுவரைக்கும் நம்பலாம், எந்த பழைய புள்ளியை தூக்கிப் போடலாம், போட்டா மீதி புள்ளிங்க எல்லாம் ஒரே தளத்துல படுத்துக்காம இருக்குமா, இது ஒவ்வொண்ணும் லீனியர் ஆல்ஜிப்ரா தான், அனாலிசிஸ் தான். கோட் உள்ள இருக்கறதால கண்ணுக்குத் தெரியல.

மூணு வருஷ எரிச்சல்

பவல் 2001ல ரிட்டையர் ஆயிட்டார். நம்ம ஊர்ல ரிட்டையர் ஆன புரொபசர் அட்டானமஸ் காலேஜ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு போவாங்க. இவர் அதுக்கப்பறம் தான் மும்முரமா கோட் எழுதிருக்கார். டெரிவேடிவ் இல்லாம, தட்டையா இல்லாம வளைஞ்ச மாடலை படிய வைக்கணும்னா 10 வேரியபிளுக்கு 66 புள்ளி வேணும், 100க்கு 5151. புள்ளிக்கு ஒரு டீன்னா கட்டுப்படியாகுமா. 2006ல வந்த நியூவோவாங்கற அவர் கோட்ல 10க்கு 21 புள்ளி போதும், 100க்கு 201. மீதி தகவல் எங்கருந்து வருது? போன படில இருந்த மேட்ரிக்ஸை முடிஞ்ச வரைக்கும் கம்மியா மாத்துன்னு ஒரு நிபந்தனை, அவ்ளோ தான். கையில இருக்கறதை கொஞ்சமா திருத்துற டேவிடனோட அதே யோசனை, நாப்பது வருஷத்துக்கு மேல மனசுல வச்சுருந்து இங்க கொண்டு வந்து எறக்கிருக்கார் மனுஷன்.

அந்த பேப்பர் கடைசில ஒரு விஷயம் சொல்றார், இதை உருவாக்க ஏறக்குறைய மூணு வருஷம் ஆச்சு, கம்ப்யூட்டர் ரவுண்டிங் எர்ரர் கஷ்டமான கேஸ்கள்ல எல்லாத்தையும் நாசம் பண்ணதால வேலை ரொம்ப எரிச்சலா இருந்துச்சு, ஒரு மேட்ரிக்ஸை காரணிப்படுத்தி வச்சுக்கற வழி கெடைச்சப்பறம் தான் சரியாச்சுன்னு. ராயல் சொசைட்டி ஃபெல்லோ, எழுவது வயசை தொட்ட ஆளு, பேப்பர்ல எழுதறார் எரிச்சலா இருந்துச்சுன்னு! இதை நான் கொருக்குப்பேட்டை கேட் போட்டுருந்த நேரத்துல பைக்ல உக்காந்துக்கிட்டு போன்ல படிச்சேன், கேட் தொறந்து பின்னாடி ஆட்டோக்காரர் "இன்னா நைனா, தூக்கமா"ன்னு ஹாரன் அடிக்கற வரைக்கும் அதே வரில நின்னுட்டேன். பேப்பர்லாம் படிச்சா எல்லாருக்கும் எல்லாம் நேரா வந்த மாதிரி தான் இருக்கும், லெம்மா ஒண்ணு, லெம்மா ரெண்டு, ஆகவே. ராத்திரி ரெண்டு மணிக்கு பதினாறாவது தசமத்துல விடை கெட்டுப்போய் உக்காந்துருக்கறதை எவன் எழுதறான்.

அதுக்கு மேலயும் 2009ல பாபிக்கா, 2013ல லின்கோவான்னு புது கோட் எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் மெயில்ல கோடை அனுப்பிருக்கார், காசு இல்ல. எல்லாம் ஃபோர்ட்ரான் 77. 2015 ஏப்ரல்ல போயிட்டார். இப்ப ஜைகுன் ஜாங்னு ஒருத்தர் பவலோட டெரிவேடிவ் கேக்காத அஞ்சு கோடையும் புது ஃபோர்ட்ரான்ல, உள்ள இருக்கற கணக்கு மாறாம, படிச்சா புரியற மாதிரி திருப்பி எழுதி பிரிமான்னு வச்சுருக்கார், கோட் வழியா ஆளைப் படிக்கணும்னா அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பவல் எழுதுனதை பாருங்க, நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

மணலிக்காரன் போன வாரம் மறுபடியும் வந்தான். இப்ப ரெண்டாவது பம்ப் ஓடணுமா வேணாமாங்கறதையும் சேத்து பாக்கணுமாம், 0 இல்லன்னா 1, நடுவுல எதுவும் கெடையாது. பவல் மெத்தட்ல அதுக்கு எடமில்ல, பாதி பம்ப் ஓடுதுன்னு அது பாட்டுக்கு சொல்லும். ஒரு பம்ப் தானே, ஓட்டி ஒரு தடவ, நிறுத்தி ஒரு தடவ, ரெண்டு நைட்டு போட்டா முடிஞ்சுதுன்னு சொன்னேன். "பம்ப் மொத்தம் ஒம்போது மச்சான்"ங்கறான்.